அம்மாவை இங்கிலாந்தில் ஒரு முறையான டீக்கு அழைத்துப் போக வேண்டும், எங்கே போகலாம்?

மாட்டுங்கா மைனா:

வணக்கம். மும்பை மாட்டுங்காவிலிருந்து எழுதுகிறேன். ஜூனில் அம்மாவை அழைத்துக்கொண்டு லீட்ஸில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் போகிறேன். மொத்தம் பதினாறு நாள், அதில் மூன்று நாள் லண்டன். விசா, டிக்கெட் எல்லாம் ஆயிற்று. இப்போது பாக்கி இருப்பது டீ.

அம்மாவுக்கு 71 வயது. பல்லார்ட் எஸ்டேட் என்ற மும்பை ஆபீஸ் பகுதியில் ஒரு பழைய வெள்ளைக்காரக் கம்பெனியில் 31 வருஷம் ஸ்டெனோவாக இருந்தார். அவர் வேலைக்குச் சேரும்போது வெள்ளைக்காரர்கள் போய்விட்டிருந்தார்கள், டீ ட்ரே மட்டும் போகவில்லை. மூன்றரை மணிக்கு மேனேஜர் கேபினுக்குள் அது போகுமாம். வெள்ளைப் பீங்கான் டீ பாட், அதன் மேல் பச்சைக் கம்பளிக் குல்லா, சின்னக் குடுவையில் பால், கட்டிச் சர்க்கரை, அதை எடுக்க ஒரு குட்டி இடுக்கி. அதே நேரத்தில் ஸ்டெனோக்களுக்குக் கீழே கடையிலிருந்து பையன் கண்ணாடி டம்ளரில் கட்டிங், அதாவது அரை டம்ளர் டீ, கொண்டுவருவான். "முப்பத்தோரு வருஷம் அந்த ட்ரே உள்ளே போவதைப் பார்த்திருக்கிறேன், ஒரு நாள்கூட அதிலிருந்து குடித்ததில்லை" என்று போன வாரம் அரிசி களைந்துகொண்டே சொன்னார். வருத்தமாகவெல்லாம் சொல்லவில்லை, பஸ் நம்பர் சொல்வது மாதிரி சொன்னார். எனக்குத்தான் அது மனதை விட்டுப் போகவில்லை.

என் கேள்விகள்: பெரிய ஹோட்டலில் டீ குடிப்பதற்கு அந்த விலை தகுமா? சாதாரண டீ ரூம் போதுமா? லண்டனில் குடிக்கலாமா, லீட்ஸ் இருக்கும் யார்க்ஷயரிலா? இன்னொரு விஷயம், நாங்கள் சைவம். அம்மா முட்டை சாப்பிட மாட்டார். கேக்கில் இருந்தால் மட்டும் அவர் கேட்கவும் மாட்டார், நாமும் சொல்லக் கூடாது. இது எங்கள் வீட்டில் நாற்பது வருஷ ஒப்பந்தம்.

செம்பூர் பழைய டேஸ்டர்:

மேடம், 34 வருஷம் டீ டேஸ்டராக, அதாவது டீயைச் சுவைத்துத் தரம் சொல்பவனாக, இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஒரு நாளைக்கு இருநூறு, முந்நூறு கப் உறிஞ்சித் துப்பியிருக்கிறேன். லண்டனுக்கு ஆறு தடவை கம்பெனி செலவிலும் ஒரு தடவை சொந்தக் காசில் மனைவியோடும் போயிருக்கிறேன். சொந்தக் காசில் போனபோதுதான் விலைப்பட்டியல் கண்ணில் பட்டது.

முதலில் ஒரு சொல். நம் ஊர் ஹோட்டல்களில் 'ஹை டீ' என்று போடுகிறார்களே, அதை நம்பி அங்கே போய்க் கேட்காதீர்கள். ஹை டீ என்பது மில்லிலும் சுரங்கத்திலும் வேலை பார்த்தவர்கள் சாயங்காலம் வீடு திரும்பியதும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டது. இறைச்சி, ரொட்டி, கூடவே ஒரு பாட் டீ. உங்கள் அம்மா பார்த்த ட்ரேயின் வம்சம் வேறு, அது 'ஆஃப்டர்நூன் டீ'. பெட்ஃபோர்டு சீமாட்டி அன்னா மரியா 1840 வாக்கில் தொடங்கிவைத்தது என்று சொல்வார்கள். மதியச் சாப்பாட்டுக்கும் ராத்திரிச் சாப்பாட்டுக்கும் நடுவில் வயிறு கிள்ளியதாம். நம் வீடுகளில் நாலு மணி டிபனைக் கண்டுபிடித்தது யார் என்று யாரும் எழுதி வைக்கவில்லை, பாருங்கள்.

மூன்றாவதாக 'க்ரீம் டீ' என்று ஒன்று. டீயில் க்ரீம் ஊற்றுவது அல்ல. ஒரு பாட் டீ, இரண்டு ஸ்கோன் (பன் மாதிரி ஒன்று), ஜாம், க்ளாட்டட் க்ரீம். எருமைப் பாலைக் காய்ச்சி அசையாமல் வைத்தால் மேலே தடிமனாக ஏடு படியுமே, அதன் அண்ணன்தான் இந்த க்ரீம். கொழுப்பு 55 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. டெவன்காரர்கள் முதலில் க்ரீம் தடவி அதன் மேல் ஜாம் வைப்பார்கள், கார்ன்வால்காரர்கள் முதலில் ஜாம். பருப்புக்கு முன்னால் நெய்யா பின்னால் நெய்யா என்று நம் வீட்டுப் பெரியவர்கள் போடும் சண்டை மாதிரிதான், தீராது. நீங்கள் போவது யார்க்ஷயர், எப்படித் தடவினாலும் யாரும் முறைக்க மாட்டார்கள்.

என் ஓட்டு க்ரீம் டீக்கு. ஆஃப்டர்நூன் டீயில் சாண்ட்விச், ஸ்கோன், கேக் என்று மூன்றடுக்குத் தட்டு வரும், 71 வயதுக்காரர் அது முழுவதையும் சாப்பிட மாட்டார். நீங்கள் மீதியைப் பார்த்துப் பார்த்து பவுண்டை ரூபாயாக்கிக்கொண்டே இருப்பீர்கள். லண்டனில் ரிட்ஸ் 1906-இல் திறந்த ஹோட்டல். அங்கே டீ, கல்யாண வீடு மாதிரி பந்தி பந்தியாக நடக்கும். தலைக்கு 70 பவுண்டுக்கு மேல். ஜீன்ஸ், ஸ்போர்ட்ஸ் ஷூ கூடாது. அம்மா பட்டுப் புடவையில் போனால் அந்தக் கூடத்திலேயே ஒழுங்காக உடுத்தியவர் அவராகத்தான் இருப்பார், அது வேறு விஷயம். பெரிய இடத்தில் ஒரு தடவை உட்கார்ந்தே தீர வேண்டும் என்று அவருக்கே ஆசை இருந்தால் போங்கள். உங்களுக்கு ஆசை என்றால் வேண்டாம்.

சைவம் பற்றி: முன்பதிவு செய்யும்போதே எழுதுங்கள், உட்கார்ந்த பிறகு மறுபடியும் வாயால் சொல்லுங்கள். வெள்ளரிக்காய் சாண்ட்விச் நமக்கு. மற்றவை முட்டை, ஹாம், சால்மன் மீன் என்று போகும். சாண்ட்விச்சை எல்லோரும் கவனிப்பார்கள், ஏமாறுவது இனிப்பில். பெயர் வேண்டாம், ஒரு பெரிய ஹோட்டலில் 'முழு சைவம்' என்று வாங்கிய தட்டில் சின்னக் கண்ணாடிக் கிண்ணத்தில் ஏதோ தளதளவென்று இருந்தது. என் மனைவி இரண்டு ஸ்பூன் சாப்பிட்ட பிறகுதான் பரிமாறியவர் ஓடிவந்து மன்னிப்புக் கேட்டார். ஜெலட்டின், அதாவது மாட்டு எலும்பும் பன்றித் தோலும். அந்தப் பயணத்தில் அதற்குப் பிறகு அவள் தளதளப்பான எதையும் தொடவில்லை. தயிரைக்கூடச் சந்தேகமாகப் பார்த்தாள். 'லெமன் கர்ட்' என்று மஞ்சளாக ஒன்று வரும், பெயரைப் பார்த்துத் தயிர் என்று நினைக்காதீர்கள். முட்டை போட்டுக் கிண்டியது.

டீயைப் பற்றி யாரும் சொல்லாததைச் சொல்கிறேன். மும்பையில் பாலோடு கொதிக்கவிட்டு இஞ்சி தட்டிப் போட்டுக் குடித்தவருக்கு அந்த டீ முதல் வாயில் வெந்நீர் மாதிரி இருக்கும். டார்ஜிலிங் கேட்காதீர்கள். எர்ல் க்ரே கேட்கவே கேட்காதீர்கள், பெர்கமாட் எண்ணெய் வாசனை, ஊதுபத்தி ஊறவைத்தது போலிருக்கும் என்பார் அம்மா. அஸ்ஸாம் கேளுங்கள், இல்லையென்றால் இங்கிலீஷ் ப்ரேக்ஃபாஸ்ட். பாட் வந்ததும் உடனே ஊற்றாதீர்கள். ஐந்து நிமிஷம் பேசிக்கொண்டிருங்கள், சாயம் இறங்கட்டும். பால் குளிர்ந்துதான் வரும், சூடான பால் வேண்டும் என்று கேட்டால் கொடுப்பார்கள். கூடவே இன்னொரு குடுவையில் வெந்நீர் வரும். அது கை கழுவ அல்ல, டீ கெட்டியாகிவிட்டால் டீ பாட்டுக்குள் ஊற்ற. டீ போடுவதற்குச் சர்வதேசத் தரநிலை ஒன்று உண்டு: 100 மில்லி தண்ணீருக்கு 2 கிராம் இலை, ஆறு நிமிஷம். அது சரக்கை ஒப்பிட்டுப் பார்க்கும் எங்களுக்காக, வீட்டில் அப்படிப் போட்டால் கசக்கும்.

லண்டன் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து கூடுதல், டீயின் மேல் மெல்லிய படலம் படியும். பாத்திரம் கழுவவில்லை என்று அம்மா நினைத்துவிடப் போகிறார். அந்த மாதிரித் தண்ணீருக்கென்றே 'யார்க்ஷயர் டீ' என்ற பிராண்டில் தனிப் பாக்கெட் விற்கிறார்கள்.

லண்டனில் காசில்லாமல் பார்க்க ஒரு இடம்: ஸ்ட்ராண்ட் தெருவில் 216-ஆம் எண், ட்வைனிங்ஸ் கடை. தாமஸ் ட்வைனிங் 1706-இல் அங்கே வியாபாரம் தொடங்கினார், இன்னும் அதே இடம். நம் பஜாரில் வெற்றிலைக் கடை மாதிரி அகலம் குறைவு, நீளம் அதிகம். வாசலுக்கு மேலே தங்கநிறச் சிங்கமும் இரண்டு சீனர் பொம்மைகளும்.

கடைசியாக, அம்மாவுக்கு ஒரு கதை. டீயை அரண்மனையில் நாகரிகமாக்கியவர் போர்ச்சுகல் இளவரசி கேத்தரின். 1662-இல் இரண்டாம் சார்லஸைக் கல்யாணம் செய்துகொண்டு வந்தவர். அந்தக் கல்யாண ஒப்பந்தத்தில் சீராகக் கொடுத்ததுதான் நம் பம்பாய். ராஜாவுக்கு இந்தத் தீவுகளை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை, 1668-இல் வருஷத்துக்குப் பத்து பவுண்டு வாடகைக்குக் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் விட்டுவிட்டார். இன்றைக்கு அந்தப் பத்து பவுண்டுக்கு ரிட்ஸில் ஒரு ஸ்கோன்கூடக் கிடைக்காது.

லீட்ஸ் ரிட்டர்ன்:

டேஸ்டர் சார் சொன்னதற்கு வடக்கத்தி அனுபவம் ஒன்று. நான் லீட்ஸில் இரண்டு வருஷம் இருந்தேன், இப்போது மும்பை பவாய். போன புதிதில் ஆபீஸில் ஒரு பெரியவர் "சனிக்கிழமை ஆறு மணிக்கு டீக்கு வா" என்றார். டீதானே என்று அறையில் நாலு தோசை சாப்பிட்டுவிட்டுப் போனேன். அங்கே எனக்காகத் தனியாக வெஜிடபிள் லசான்யா, உருளைக்கிழங்கு, பட்டாணி, அப்புறம் ஆப்பிள் க்ரம்பிள். யார்க்ஷயரில் ராத்திரிச் சாப்பாட்டுக்கே 'டீ' என்றுதான் பெயர். மறுக்க முடியாமல் எல்லாவற்றையும் சாப்பிட்டேன். அன்றைக்கு டீ மட்டும் குடிக்கவில்லை, இடமில்லை. உங்கள் தம்பியின் பக்கத்து வீட்டுக்காரர் அம்மாவை டீக்கு அழைத்தால் வயிற்றைக் காலியாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

லீட்ஸிலிருந்து யார்க் ரயிலில் அரை மணி நேரம்கூட இல்லை. அங்கே செயின்ட் ஹெலன்ஸ் சதுக்கத்தில் பெட்டிஸ் என்ற டீ ரூம். சுவிஸ்காரர் ஒருவர் 1919-இல் ஹாரோகேட்டில் தொடங்கியது. யார்க் கடை 1930-களில் வந்தது, குயின் மேரி என்ற கப்பலின் உள் அலங்காரத்தைப் பார்த்துக் கட்டியது. வளைந்த பெரிய கண்ணாடி ஜன்னல், வெள்ளை ஏப்ரன். மத்தியானம் வரிசை தெரு வரை நிற்கும், அம்மாவை அதில் நிறுத்தாதீர்கள். காலையில் கடை திறந்த உடனே போங்கள். சிவப்பு டபுள் டெக்கர் பஸ்ஸில் டீ கொடுக்கும் சுற்றுலாவும் லண்டனில் இருக்கிறது, தலைசுற்றல் இல்லாதவர்களுக்கு.

கோட்டை கோபு:

இதற்கெல்லாம் இங்கிலாந்து எதற்கு? நம் மும்பை தாஜ் ஹோட்டலில் சீ லவுஞ்ச் இருக்கிறது. ஜன்னலில் கேட்வே ஆஃப் இந்தியா தெரியும், டீயோடு சேவ் பூரியும் கிடைக்கும். சேவ் பூரி ரிட்ஸில் கிடைக்குமா?

மாட்டுங்கா மைனா:

கோபு சார், அம்மாவிடம் கேட்டேன். "அங்கே கம்பெனி ஆட்கள் யாராவது உட்கார்ந்திருப்பார்கள்" என்றார். ரிட்டையர் ஆகி இருபது வருஷம் ஆகிறது! அதனால் தாஜ் இல்லை. ரிட்ஸும் இல்லை, விலையைச் சொன்னதும் "அதில் மாட்டுங்கா மார்க்கெட்டில் ஒரு மாசம் காய்கறி வாங்கலாம்" என்றுவிட்டார். பத்து பவுண்டு வாடகைக் கதையைக் கேட்டுச் சிரித்தார். "பகடி வாங்காமல் விட்டானே அசடு" என்றார். (பகடி என்றால் மும்பையில் வாடகைக்கு விடும்போது மொத்தமாக வாங்கும் பணம்.)

வால்பாறைப் பையன்:

அக்கா, நான் மும்பையில் பிறந்தவன் இல்லை, வால்பாறை டீ எஸ்டேட் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்து வேலைக்காக மும்பை வந்தவன். அம்மா கொழுந்து பறித்தவர். அம்மாவின் வலது கை ஆள்காட்டி விரல் ஓரம் கறுத்துப் போயிருக்கும், எலுமிச்சை போட்டுத் தேய்த்தாலும் போகாது. லயத்தில் நாங்கள் குடித்தது டஸ்ட் தூள், பால் இல்லாமல், வெல்லம் போட்டு. மூன்றடுக்குத் தட்டின் படம் பார்க்கும்போதெல்லாம் நான் தேடுவது ஒன்றே ஒன்று, அந்த மெனுவில் எங்கள் ஆனைமலை இல்லாவிட்டாலும் நீலகிரி என்றாவது எங்காவது எழுதியிருக்கிறதா என்று. டார்ஜிலிங் இருக்கும், சிலோன் இருக்கும்.

ஒரு வேடிக்கை: இங்கிலாந்திலேயே டீ விளைகிறது. கார்ன்வாலில் ட்ரெகோத்னன் என்ற எஸ்டேட், 2005-இலிருந்து சொந்தத் தூள் விற்கிறார்கள். லீட்ஸிலிருந்து ரொம்ப தூரம், போக வேண்டாம். எங்கேயாவது கடையில் நீலகிரித் தூள் பாக்கெட் பார்த்தால் மட்டும் ஒரு படம் எடுத்துப் போடுங்கள்.

செம்பூர் பழைய டேஸ்டர்:

தம்பி, லண்டனில் டீ ஏலம் என்று ஒன்று இருந்தது தெரியுமா? அஸ்ஸாம் தூள் அங்கே முதலில் ஏலம் போனது 1839 ஜனவரியில். 1998 ஜூனில் கடைசி ஏலம், கடையைச் சாத்திவிட்டார்கள். இரண்டு வருஷம் கழித்து டாடா போய் டெட்லி என்ற இங்கிலாந்து டீ கம்பெனியையே வாங்கியது, 27 கோடி பவுண்டுக்கு. எங்கள் டேஸ்டிங் ரூமில் அன்று யாரும் லட்டு கொடுக்கவில்லை. நாங்கள் போட்டிக் கம்பெனி. ஆனாலும் கேன்டீன் டீயை எல்லோரும் இரண்டு கப் குடித்தோம்.

நீலகிரித் தூளைப் பாக்கெட் மேல் தேடாதே. பல ஊர்த் தூளைக் கலந்துதான் பாக்கெட் போடுகிறார்கள், ஊர் பெயர் அதில் தொலைந்துபோகும். உன் அம்மா பறித்ததை எத்தனை ஆங்கிலேயர் குடித்தார்களோ, அவர்களுக்கே தெரியாது.

மாட்டுங்கா மைனா:

போய்விட்டு வந்துவிட்டோம். எல்லோரும் கேட்டதால் எழுதுகிறேன்.

லண்டனில் ட்வைனிங்ஸ் வாசலில் சிங்கத்தைப் பார்த்தோம். உள்ளே அம்மா ஒவ்வொரு டப்பாவாக முகர்ந்தார். எர்ல் க்ரேக்கு "ஊதுபத்தி" என்று அவராகவே சொன்னார், டேஸ்டர் சார் எழுதியதை நான் படித்துக் காட்டியிருக்கவில்லை. நீலகிரி கண்ணில் படவில்லை தம்பி, மன்னித்துக்கொள்.

யார்க்கில் பெட்டிஸுக்குக் காலையிலேயே போய்விட்டோம், உடனே இடம் கிடைத்தது. அங்கே எனக்குப் பிடித்தது டீ இல்லை, கீழ்த்தளத்தில் இருக்கும் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி. இரண்டாம் உலகப் போர் சமயத்தில் அக்கம்பக்கத்து விமானத் தளங்களிலிருந்து வந்த பையன்கள் வைர முனையால் அதில் கீறிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். நூற்றுக்கணக்கில். சிலது ஆபீஸ் கையெழுத்து மாதிரி நேராக, சிலது குடித்துவிட்டுப் போட்டது மாதிரி சரிந்து. அம்மா சுருக்கெழுத்துக்காரர் இல்லையா, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு பெயராகப் படித்தார். எத்தனை பேர் திரும்பி வந்தார்கள் என்று கேட்டார். அங்கே நின்றிருந்த பெண்ணிடம் நான் கேட்கவில்லை.

ஆனால் அம்மாவின் ட்ரே அங்கே இல்லை. பாட் இருந்தது, வடிகட்டி இருந்தது, பால் குடுவை இருந்தது. சுற்றிலும் பார்த்துவிட்டு "குல்லா எங்கே?" என்றார்.

குல்லா கிடைத்தது நாலு நாள் கழித்து. மலைப்பக்கம் ஒரு கிராமத்தில், முன்னறையை டீ ரூமாக்கிய ஒரு வீடு, ஆறே மேசை. க்ரீம் டீ சொன்னோம். பாட் மேல் ஆரஞ்சும் பழுப்புமாகக் கம்பளிக் குல்லா, உச்சியில் ஒரு குஞ்சம். ஐந்து நிமிஷம் பொறுக்கச் சொன்னேன். அம்மா அந்த ஐந்து நிமிஷத்தில் குல்லாவைக் கழற்றி உள்பக்கம் திருப்பி, தையல் எங்கே முடிகிறது, எத்தனை கண்ணி என்று எண்ணிக்கொண்டிருந்தார். முப்பத்தோரு வருஷம் மாட்டுங்காவிலிருந்து வி.டி. (விக்டோரியா டெர்மினஸ்) ஸ்டேஷன் வரை லேடீஸ் கம்பார்ட்மென்டில் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டே போனவர். இதற்குள் டீ ஆறிவிட்டது. சூடான பால் கேட்டோம், கடைக்கார அம்மாள் குட்டிப் பாத்திரத்தில் காய்ச்சியே கொண்டுவந்தார். "சாயம் நன்றாக இறங்கியிருக்கிறது" என்று சொல்லி அம்மா இரண்டு கப் குடித்தார். சர்க்கரைக் கட்டியை இடுக்கியால் எடுத்தார், டீ குடித்து முடித்த பிறகு இன்னொரு கட்டியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். ஸ்கோனில் க்ரீமைத் தொட்டுப் பார்த்துவிட்டு "நம் எருமைப் பால் ஏடுதான், இதற்கு உப்பு வேண்டும்" என்றார்.

மறுநாள் தம்பியைக் கடைக்கு அனுப்பிப் பச்சைக் கம்பளி வாங்கிவரச் சொல்லி இரண்டு நாளில் ஒரு குல்லா பின்னிவிட்டார். எங்கள் வீட்டில் டீ பாட் கிடையாது. இப்போது அது தினமும் காலையில் காபி ஃபில்டர் மேல் உட்கார்ந்திருக்கிறது.

செம்பூர் பழைய டேஸ்டர்:

டீ குல்லாவைக் காபிக்குப் போட்டதை ஒரு டேஸ்டராக நான் கண்டிக்கிறேன். வீட்டில் இதைப் படித்துக் காட்டியதும் என் மனைவி கேட்கிறாள், டிக்காஷன் உண்மையிலேயே சூடாக இருக்கிறதா என்று.

மாட்டுங்கா மைனா:

இருக்கிறது சார், அப்பா இரண்டாவது காபிக்கு வரும் வரை ஆறுவதில்லை. அம்மா எழுதச் சொன்னது: எங்களுடையது எவர்சில்வர், நாலு பேருக்கான ஃபில்டர். உங்கள் வீட்டில் பித்தளை என்றால் அளவு வேறு. மேல் பாத்திரத்தின் சுற்றளவை நூலால் அளந்து அனுப்பவும். பச்சை தீர்ந்துவிட்டது, ஊதாதான் இருக்கிறது.